பறப்பதைக் குறைத்துக்கொண்ட ஓசனிச்சிட்டு

போன மாதம் சித்தி வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினார். மாடித் தொட்டியில் இருக்கும் செம்பருத்தியில் ஒரு குட்டிப் பறவை பாதி தலைகீழாகத் தொங்கிக்கொண்டு பூவுக்குள் அலகை விடுகிறது. கீழே "ஹம்மிங்பேர்ட் வந்திருக்குடா நம்ம வீட்டுக்கு" என்று எழுதி வரிசையாக மூன்று இதயம். அது தேன்சிட்டு என்று உடனே சொன்னால் முகம் வாடிவிடும் என்று ஒரு நாள் சும்மா இருந்தேன், மறுநாள் சொல்லிவிட்டேன். கூடவே ஒரு சுலபமான அடையாளமும் சொல்லி வைத்தேன்: கிளையிலோ காம்பிலோ உட்கார்ந்து தேன் குடித்தால் தேன்சிட்டு, எதையும் பிடிக்காமல் அந்தரத்தில் நின்றபடியே குடித்தால் ஹம்மிங்பேர்ட்.

இரண்டு நாள் கழித்து இன்னொரு வீடியோ வந்தது. எங்கோ ஒரு மலை, பின்னால் பனி மூடிய சிகரம், முன்னால் ஆரஞ்சுப் பூ பூத்த ஒரு முள் செடி. அதன்மேல் ஊதாத் தலையோடு ஒரு பறவை வசதியாக உட்கார்ந்து தேன் குடித்துக்கொண்டிருக்கிறது. "இதுக்கு மேல ஹம்மிங்பேர்டுன்னுதான் போட்டிருக்கான். ஆனா உட்கார்ந்துதானே குடிக்குது? அப்ப இதுவும் தேன்சிட்டுதானே?"

நன்றாக மாட்டிக்கொண்டேன். வீடியோவில் இருந்தது ஹம்மிங்பேர்ட்தான். தமிழில் இப்போது ஓசனிச்சிட்டு என்று எழுதுகிறார்கள், சிறகை அடிப்பதை ஓசனித்தல் என்பதால் வந்த பெயர். அதாவது ஓயாமல் சிறகடிப்பதையே பெயராக வைத்திருக்கும் ஒரு குடும்பத்தில் பிறந்துவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் சிறகை மடக்கி உட்கார்ந்துகொள்ளும் பறவை. ஏன் உட்காருகிறது என்று சித்திக்கு விளக்கப் போய்த்தான், அது எப்படி இருக்கிறது, எங்கே இருக்கிறது என்பதெல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இவ்வளவு நீளமாக வந்துவிட்டது.

முதலில் தேன்சிட்டு விஷயத்தை முடித்துவிடலாம். ஓசனிச்சிட்டுகள் அமெரிக்கக் கண்டங்களைத் தவிர உலகத்தில் வேறு எங்கும் இயற்கையாகக் கிடையாது. வடக்கே அலாஸ்காவிலிருந்து தெற்கே தென் அமெரிக்காவின் வால் நுனி வரைக்கும் சுமார் 360 வகை உண்டு, ஆனால் கடலைத் தாண்டி இந்தப் பக்கம் ஒன்றுகூட இல்லை. நம் ஊரில் பூவைச் சுற்றிப் பறக்கும் மினுமினுப்பான குட்டிப் பறவை எல்லாமே தேன்சிட்டு. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் சொந்தபந்தம் எதுவும் இல்லை. தேன்சிட்டு நம் வீட்டுச் சிட்டுக்குருவி இருக்கும் பெரிய கூட்டத்தைச் சேர்ந்தது. ஓசனிச்சிட்டுக்கு நெருங்கிய உறவு யார் என்றால், சாயங்கால வேளையில் பனைமரத்தைச் சுற்றி விர்விர்ரென்று பறக்குமே, உழவாரன், அதுதான். தேன் குடிக்கும் தொழில் ஒன்றானதால் தோற்றமும் ஒன்று போல ஆகிவிட்டது, அவ்வளவே.

சரி, சித்தியின் வீடியோவில் இருந்த பறவைக்கு வருவோம். இதை ஆங்கிலத்தில் ஈக்வடோரியன் ஹில்ஸ்டார் என்கிறார்கள். மலை நட்சத்திரம் என்று தமிழில் வைத்துக்கொள்ளலாம், நன்றாகத்தான் இருக்கிறது. அறிவியல் பெயர் ஓரியோட்ரோக்கிலஸ் சிம்போராசோ. முதல் பாதிக்கு மலை ஓசனிச்சிட்டு என்று அர்த்தம், இரண்டாம் பாதி அது வாழும் மலையின் பெயர். தென் அமெரிக்காவில் இருக்கும் ஈக்வடார் நாட்டு மக்கள் பொதுவாக எல்லா ஓசனிச்சிட்டையும் கிந்தே என்பார்கள், அது அங்குள்ள பழங்குடிகளின் கெச்சுவா மொழியிலிருந்து வந்த சொல்.

சிம்போராசோ என்பது ஈக்வடாரில் இருக்கும் ஓர் எரிமலை, உயரம் 6263 மீட்டர். எவரெஸ்டை விடக் குள்ளம்தான், ஆனால் பூமி நடுவில் கொஞ்சம் உப்பியிருப்பதால், பூமியின் மையத்திலிருந்து அளந்தால் எவரெஸ்ட் உச்சியைவிட இதன் உச்சி 2 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி நிற்கிறது. 1802இல் ஹம்போல்ட் என்ற ஜெர்மானிய அறிஞர் இதில் ஏறப் பார்த்து, உச்சியைத் தொடாமல் திரும்பினார். அவர் மூச்சு வாங்கித் திரும்பிய அந்த மலைச் சரிவில்தான் இந்தப் பறவை குடும்பம் நடத்துகிறது. சிம்போராசோ மட்டுமல்ல, கோட்டோபாக்சி, பிச்சிஞ்சா என்று ஈக்வடாரின் உயர்ந்த மலைகள் பலவற்றிலும், வடக்கே கொலம்பியாவின் தென் ஓரத்திலும் இருக்கிறது. பெரும்பாலும் 3500 மீட்டருக்கு மேலே, பனிக்கோட்டுக்குக் கொஞ்சம் கீழே வரை. ஊட்டி தொட்டபெட்டா 2637 மீட்டர் என்பதை நினைத்துப் பாருங்கள், அங்கிருந்து இன்னும் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் ஏறின பிறகுதான் இதன் வீட்டு வாசலே வருகிறது.

இந்த உயரத்தில் மரம் அதிகம் வளராது. காடு முடிந்து, பனி தொடங்குவதற்கு முன்னால் நடுவில் ஒரு புல்வெளிப் பட்டை இருக்கிறது, அதற்கு பாரமோ என்று பெயர். முழங்கால் உயரத்துக்குக் கொத்துக் கொத்தாக மஞ்சள் நிறப் புல், இடையிடையே குட்டைச் செடிகள், கறுப்புப் பாறை, ஈரம் ஊறிய மண். காற்று ஓயாது. மூடுபனி வரும், போகும், ஆலங்கட்டி விழும், பத்து நிமிடத்தில் வெயில் சுளீரென்று அடிக்கும். ஈக்வடார் என்ற பெயரே நிலநடுக்கோட்டிலிருந்து வந்ததுதான், அதனால் அங்கே நாம் நினைக்கிற மாதிரி கோடைக்காலம் குளிர்காலம் என்று தனித்தனியாக இல்லை. பாரமோவைப் பற்றி வழக்கமாகச் சொல்லும் ஒரு பேச்சு உண்டு: ஒவ்வொரு பகலும் கோடை, ஒவ்வொரு இரவும் குளிர்காலம். கேட்க அழகாக இருக்கிறது, எட்டு கிராம் எடையுள்ள ஒரு பறவைக்கு அது அவ்வளவு அழகான செய்தி இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை குளிர்காலம் வந்தால் வேறு ஊருக்குப் பறந்து போய்விடலாம். தினமும் ஆறு மணிக்கு வந்தால் எங்கே போவது?

எட்டு கிராம் என்றால் எவ்வளவு? பையில் பத்து ரூபாய் நாணயம் இருந்தால் எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். அது சுமார் 7.7 கிராம். கிட்டத்தட்ட அதுதான் இந்தப் பறவையின் மொத்த எடை: எலும்பு, இறகு, இதயம், குடித்த தேன் எல்லாம் சேர்த்து. அலகு நுனியிலிருந்து வால் நுனி வரை 12, 13 சென்டிமீட்டர். ஓசனிச்சிட்டுகளில் இது நடுத்தரத்துக்குக் கொஞ்சம் மேல். கியூபாவில் இருக்கும் தேனீ ஓசனிச்சிட்டு 2 கிராம்தான், அதன் பக்கத்தில் வைத்தால் இது பயில்வான்.

ஆண் பறவையைப் பார்த்துவிட்டால் வேறு எதோடும் குழப்பிக்கொள்ள முடியாது. தலையும் கழுத்தும் முழுக்க மின்னும் ஊதா, குரங்குக்குல்லா மாட்டியது போல. குல்லா முடியும் இடத்தில், மார்புக்கு மேலே, மை தீட்டினது போல ஒரு கறுப்புப் பட்டை. அதற்குக் கீழே பளிச்சென்று வெள்ளை, வயிற்றின் நடுவில் மட்டும் மங்கலாக ஒரு கோடு. முதுகு அடங்கின பச்சை. அலகு கறுப்பு, லேசாக வளைந்தது, சில ஓசனிச்சிட்டுகளுக்கு இருப்பது போல அளவுக்கு மீறிய நீளமெல்லாம் இல்லை. சிம்போராசோ மலையில் இருக்கும் ஆணுக்குக் கூடுதலாக ஒரு நகை: ஊதாக் கழுத்தின் கீழ்ப்பகுதியில் பச்சையாக ஒரு திட்டு. கோட்டோபாக்சியில் இருப்பதற்கு அது கிடையாது, கழுத்து முழுக்க ஊதாதான். மலைக்கு மலை குட்டித் தீவு மாதிரி பிரிந்து வாழ்வதால் இப்படி உள்ளூர் வித்தியாசம் வந்துவிடுகிறது. ஒரு மலையின் பறவை இன்னொரு மலைக்குப் போக வேண்டுமானால் நடுவில் சூடான, காடு அடர்ந்த, தனக்குப் பழக்கமில்லாத பள்ளத்தாக்கைத் தாண்ட வேண்டும்.

பெண் பறவைக்கு இந்தக் குல்லா கிடையாது. மேலே பழுப்பு கலந்த பச்சை, கீழே சாம்பல், தொண்டையில் வெள்ளை மேல் சின்னச் சின்னப் புள்ளிகள். பாறையில் உட்கார்ந்தால் பாறையோடு பாறையாகிவிடும். கூட்டில் தனியாக அடைகாப்பது அதுதான் என்பதால் அதற்கு இதுதான் சரி.

ஆணின் அந்த ஊதாவைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். அது சாயம் இல்லை. இறகை அரைத்துப் பொடியாக்கினால் ஊதாப் பொடி கிடைக்காது, பழுப்பும் கறுப்புமாகத்தான் ஏதோ வரும். காஞ்சிபுரம் பட்டில் மயில்கழுத்து நிறம் என்று ஒன்று உண்டே, திருப்பினால் நீலம், திருப்பினால் பச்சை, அதை உதாரணமாகச் சொல்லலாம் என்று முதலில் நினைத்தேன், ஆனால் அது பாவும் ஊடையும் வெவ்வேறு நிற நூலாக இருப்பதால் வருவது, நூலில் சாயம் இருக்கிறது. இது மழைத் தண்ணீரில் பெட்ரோல் சிந்தினால் வானவில் தெரியுமே, அந்த வகை. இறகின் இழைகளுக்குள் மெலனின் என்ற கருநிறமி நிறைந்த நுண்ணிய தட்டுகள், அதாவது அப்பளம் மாதிரி தட்டையானவை, உள்ளே குட்டிக் குட்டிக் காற்றுக் குமிழ்களோடு அடுக்கடுக்காக இருக்கின்றன. வெளிச்சம் ஒவ்வொரு அடுக்கிலும் பட்டுத் திரும்பும்போது சில நிறங்கள் ஒன்றையொன்று வலுப்படுத்தும், சில அடங்கிப்போகும். எது வலுக்கிறது என்பது அடுக்கின் தடிமனையும் வெளிச்சம் படும் கோணத்தையும் பொறுத்தது. அதனால்தான் கோணம் மாறினால் நிறமும் மாறுகிறது: பறவை நேராகத் திரும்பினால் பளீர் ஊதா, கொஞ்சம் தலையைச் சாய்த்தால் அதே தலை கறுப்பு. புகைப்படங்களைப் பார்த்துவிட்டு இது எப்போதும் விளக்கு மாதிரி எரியும் என்று நினைக்க வேண்டாம். மூடுபனிக்குள் அது ஒரு கறுப்புத் தலைக் குருவி, அவ்வளவுதான்.

இப்போது சித்தியின் கேள்வி. ஏன் உட்காருகிறது?

அந்தரத்தில் நிற்பது எவ்வளவு செலவு பிடிக்கும் வேலை என்று முதலில் பார்க்க வேண்டும். சாதாரணப் பறவை சிறகைக் கீழே அடிக்கும்போதுதான் தன்னைத் தூக்கிக்கொள்கிறது, மேலே தூக்கும்போது பெரிதாக எதுவும் கிடைக்காது. ஓசனிச்சிட்டு தோள்மூட்டிலேயே சிறகை முழுக்கத் திருப்பிவிடும், அதனால் மேலே போகும்போதும் கொஞ்சம் தூக்கு கிடைக்கும். 2005இல் வந்த ஓர் ஆய்வில் அளந்து பார்த்தபோது, எடையில் முக்கால் பங்கைக் கீழ் அடியும் கால் பங்கை மேல் அடியும் சுமப்பது தெரிந்தது. இதற்காகவே உடல் எடையில் கால் பங்குக்கு மேல் பறக்கும் தசையாகவே வைத்திருக்கிறது. இதயம் நிமிடத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் அடிக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஆகும் செலவைப் போலப் பல மடங்கு அந்தரத்தில் நிற்கும்போது ஆகிறது.

இதெல்லாம் கடல் மட்டத்துக்கே உள்ள கணக்கு. 4000 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் 60 சதவீதம் சுமார்தான். அங்கே தண்ணீர் 87 டிகிரியிலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் துவரம்பருப்பு வேக வைக்கப் போனால் பொழுது விடிந்துவிடும். நமக்கு அந்த உயரத்தில் படிக்கட்டு ஏறினாலே மூச்சு வாங்கும். பறவைக்கு இரண்டு பக்கமும் அடி. ஒன்று, மூச்சுக்கு ஆக்சிஜன் குறைவு. இரண்டாவதை நாம் யோசிக்கவே மாட்டோம்: சிறகால் தள்ளுவதற்கு வேண்டிய காற்றே மெலிந்துபோய்விடுகிறது. நீச்சல் தெரிந்தவர் ஒருவர் தண்ணீருக்குப் பதில் நுரையில் நீந்த வேண்டியிருந்தால் எப்படி இருக்கும், அந்த நிலை. அதிக வேலை செய்ய வேண்டும், அதற்கு வேண்டிய ஆக்சிஜனோ குறைச்சல்.

உடம்பால் சமாளிக்கக்கூடியதை எல்லாம் மலை ஓசனிச்சிட்டுகள் சமாளித்துத்தான் இருக்கின்றன. உயரத்தில் வாழும் வகைகளுக்குச் சிறகு உடம்பைப் பார்க்கப் பெரிதாக இருக்கும், ஒவ்வொரு அடியிலும் இன்னும் அகலமாக வீசும். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினும் மாறியிருக்கிறது. 2013இல் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைத்தொடரில் வாழும் ஓசனிச்சிட்டு வகைகள் பலவற்றை ஒப்பிட்டுப் பார்த்தார்கள், உயரத்தில் வாழ்பவற்றின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்வது தெரிந்தது. காற்றில் குறைவாக இருந்தாலும் நுரையீரலில் கிடைத்ததை நழுவவிடாமல் வாரிக்கொள்ளும்.

அதெல்லாம் போக, மலை நட்சத்திரம் கண்டுபிடித்த இன்னொரு வழி ரொம்பச் சாதாரணமானது. நிற்க வேண்டாம், உட்கார்ந்துவிடு. வேறு ஓசனிச்சிட்டுகளும் வாய்ப்புக் கிடைத்தால் பிடித்து உட்காரும்தான், ஆனால் இது அதையே வழக்கமாக்கிவிட்டது. இதற்கு ஏற்ற மாதிரி பெரிய, வலுவான கால். இது கொஞ்சம் வேடிக்கை, ஏனென்றால் ஓசனிச்சிட்டும் உழவாரனும் சேர்ந்த வரிசைக்கே அறிவியலில் காலில்லாதவை என்ற அர்த்தம் வரும் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். கால் உண்டு, ஆனால் பெரும்பாலானவற்றுக்கு அது கிளையைப் பிடிக்க மட்டும்தான், பக்கத்தில் ஓரடி நகர வேண்டுமென்றால்கூடப் பறந்துதான் நகரும். மலை நட்சத்திரமோ பாறைமேல் தத்தும், சரிவில் தொற்றிக்கொள்ளும், தரைக்குப் பக்கத்தில் இருக்கும் பூவைத் தரையில் இறங்கியே குடிக்கும்.

அந்த ஆரஞ்சுப் பூச்செடிக்கு சுகிராகா என்று பெயர். இந்தப் பறவையையும் இந்தச் செடியையும் பிரித்துப் பேசுவது கஷ்டம். சூரியகாந்திக் குடும்பம், ஆனால் நம்பவே முடியாது. ஓர் ஆள் இடுப்பளவுக்கு வளரும் புதர், இலை ஒவ்வொன்றும் சின்னதாக, தடித்து, நுனியில் முள்ளோடு, மீன் செதில் மாதிரி தண்டைச் சுற்றி நெருக்கமாக ஒட்டியிருக்கும். பனிக்கும் வெயிலுக்கும் தாங்குவதற்கான கவசம். ஒவ்வொரு கிளை நுனியிலும் ஒரு பூங்கொத்து, தீக்குச்சியைக் கொளுத்தி நட்டு வைத்தது போல ஆரஞ்சு நிறத்தில் நிமிர்ந்து நிற்கும். பாரமோவின் மஞ்சளும் சாம்பலுமான பரப்பில் அது தூரத்திலிருந்தே தெரியும். மலையேறிகளின் பூ என்று அங்கே இதற்கு ஒரு பெயர் உண்டு, ஏனென்றால் சிகரத்துக்குப் போகிறவர்கள் கண்ணில் படும் கடைசிப் பூக்களில் இது ஒன்று. கஷாயம் போட்டும் குடிப்பார்கள்.

சித்தியின் வீடியோவை நான் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். காற்று பலமாக அடிக்கிறது, புல்லெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து கிடக்கிறது. பறவை தாழ்வாகப் பறந்து வந்து, பூங்கொத்துக்குச் சற்றுக் கீழே இருக்கும் தண்டை இரண்டு காலாலும் இறுக்கிப் பிடிக்கிறது. ஒரு நொடி சிறகு விரிந்தே இருக்கிறது, பிடி கிடைத்துவிட்டதா என்று பார்ப்பது போல. அப்புறம் மடக்கிவிடுகிறது. செடி ஆடுகிறது, பறவையும் கூடவே ஆடுகிறது. அலகை ஒரு பூவில் விட்டு எடுத்து, அடுத்ததில் விட்டு எடுத்து, அந்தக் கொத்து முடிந்ததும் எழுந்து பக்கத்துக் கொத்துக்கு ஒரு தாவல். இந்தக் காற்றில் ஓர் இடத்தில் மிதந்து நிற்பதற்கு எவ்வளவு தேன் எரிந்திருக்கும்! செடியின் தண்டு விறைப்பாக இல்லாமல் கொடி மாதிரி துவள்வதாக இருந்திருந்தால் இதுவும் நடந்திருக்காது. தேன் இருப்பு, பூச்சி இருப்பு எல்லாம் மலையில் இடத்துக்கு இடம் மாறும், சுகிராகா எந்தச் சரிவில் பூக்கிறதோ அந்தச் சரிவுக்குப் பறவையும் மேலும் கீழுமாக நகரும். தேன் மட்டும் போதாது, புரதத்துக்குச் சின்னப் பூச்சிகளையும் பிடித்துத் தின்னும்.

பகல் கதை இது. ராத்திரி?

ஒரு டம்ளர் காபியும் ஓர் அண்டா சாம்பாரும் ஒரே நேரத்தில் அடுப்பிலிருந்து இறக்கினால் எது முதலில் ஆறும் என்று கேட்க வேண்டியதில்லை. சின்னப் பொருளுக்கு உள்ளே சூடு கொஞ்சம்தான், வெளியே போக வழியோ நிறைய. எட்டு கிராம் பறவை என்பது டம்ளரைவிட மோசம், அது ஒரு ஸ்பூன் காபி. அதை ஏறக்குறைய 40 டிகிரியில் இரவு பன்னிரண்டு மணி நேரமும் வைத்திருக்க வேண்டுமென்றால், வெளியே உறைநிலைக்குப் பக்கத்தில் இருக்கும்போது, விடிவதற்குள் பகலில் குடித்த தேன் எல்லாம் தீர்ந்து பறவை செத்துக் கிடக்கும். அதனால் இது அடுப்பையே அணைத்துவிடுகிறது.

இதை டார்ப்பர் என்பார்கள். தூக்கம் இல்லை, தூக்கத்துக்கும் கீழே. உடல் வெப்பம் சுற்றுப்புறத்தோடு சேர்ந்து இறங்கிவிடும், நிமிடத்துக்கு ஆயிரம் அடித்த இதயம் ஐம்பது, நூறு என்று தளர்ந்துவிடும், தொட்டால்கூட எழாது. ஆண்டீஸ் மலையில் இதை எவ்வளவு தூரம் கொண்டுபோகின்றன என்று 2020இல் வெளியான ஓர் ஆய்வில் தெரிந்தது: பெரு நாட்டில் 3800 மீட்டர் உயரத்தில் ஆறு வகை ஓசனிச்சிட்டுகளை இரவு முழுக்க அளந்தார்கள், அதில் பிளாக் மெட்டல்டெயில் என்ற வகையில் ஒரு பறவையின் உடல் வெப்பம் 3.26 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியது. அது மலை நட்சத்திரம் இல்லை, அதன் மலைவாழ் உறவுக்காரர். ஆனாலும் எண்ணைப் பாருங்கள். நம் வீட்டு ஃபிரிட்ஜுக்குள் இருக்கும் பாலின் வெப்பம் அது. விடியற்காலையில் தசைகளை நடுக்கி நடுக்கிச் சூடேற்றிக்கொண்டு, சுமார் அரை மணி நேரத்தில் மறுபடி பறக்கத் தயாராகிவிடும்.

டார்ப்பரில் கிடக்கும் பறவையை எதுவும் வந்து தூக்கிப்போகலாம், அதனால் இடம் முக்கியம். மலை நட்சத்திரங்கள் குகை, பாறை இடுக்கு, ஆற்றுப் பள்ளத்தின் செங்குத்துச் சுவர் என்று மேலே கூரை உள்ள இடமாகப் பார்த்து ஒதுங்கும். பெருவில் இதே இனத்தின் இன்னொரு வகை குகைக்குள் இப்படி இரவைக் கழிப்பதை ஆலிவர் பியர்சன் என்ற அமெரிக்க உயிரியலாளர் 1953லேயே எழுதியிருக்கிறார். கூரை ஏன் என்பது மார்கழியில் மொட்டை மாடியில் படுத்தவர்களுக்குத் தெரியும். வானம் தெளிவாக இருக்கும் இரவில் திறந்த இடத்திலிருந்து சூடு நேராக மேலே போய்விடும், விடியும்போது போர்வை நனைந்திருக்கும். பாரமோவில் அது பனிக்கட்டியாகவே உறையும். குகைக்குள் பாறை பகலில் வாங்கின சூட்டைக் கொஞ்சமாவது வைத்திருக்கும்.

கூடும் அங்கேதான். ஓசனிச்சிட்டுக் கூடு என்றாலே கட்டைவிரல் அளவுக் கிண்ணம் ஒன்று நினைவுக்கு வரும், இதன் கூடு அப்படி இல்லை. பாசி, நார், விலங்கு ரோமம், இறகு என்று கிடைத்ததையெல்லாம் திணித்துத் தடிமனாக, பறவையின் அளவுக்குக் கொஞ்சம் அதிகப்படியாகவே கட்டியிருக்கும். பாறைச் சுவரில் மேலே மழை படாத மாதிரி ஒட்டி வைக்கும், பாலத்துக்கு அடியிலும் கட்டட இறவாரத்திலும்கூட வைக்கும். உள்ளே இரண்டு வெள்ளை முட்டை. அடைகாக்கும் தாய் தன் இஷ்டத்துக்கு டார்ப்பருக்குள் போய்விட முடியாது, முட்டை ஆறிவிடும் இல்லையா, அதனால் அந்த நாட்களில் அடுப்பை எரியவிட்டே இரவைக் கழிக்க வேண்டும். கூடு ஏன் அவ்வளவு தடிமன் என்பதற்குக் காரணமும் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த இனத்தில் மொத்தம் ஏழு வகை. எல்லாமே ஆண்டீஸ் மலைத்தொடரில், கொலம்பியாவின் தென் ஓரத்திலிருந்து அர்ஜென்டினா, சிலி வரைக்கும் ஆளுக்கொரு துண்டாகப் பிரித்துக்கொண்டு வாழ்கின்றன. ஏழாவது வந்து சேர்ந்த கதை சமீபத்தியது. 2017இல் பிரான்சிஸ்கோ சொர்னோசா என்ற ஈக்வடார்ப் பறவையியலாளர் நாட்டின் தென்மேற்கில் செரோ தே ஆர்கோஸ் என்ற பகுதியில் ஒரு பறவையைப் படம் எடுத்தார், இந்த இடத்தில் இருக்கக்கூடாத பறவையாக இருக்கிறதே என்று திரும்பப் போய்த் தேடினார். தொண்டை ஊதாவாக இல்லாமல் ஆழ்ந்த நீலம். 2018இல் புது வகை என்று அறிவித்தார்கள், நீலத்தொண்டை மலை நட்சத்திரம். அது இருக்கும் இடம் மொத்தமே 100 சதுர கிலோமீட்டர் அளவுதான், பறவைகள் அதிகம் போனால் 750 என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அறிவித்தபோதே அது அழியும் விளிம்பில் இருக்கிறது என்றும் சொல்லிவிட்டார்கள். மேய்ச்சலுக்காகப் புல்லைக் கொளுத்துவது ஒரு பக்கம், தங்கச் சுரங்கம் இன்னொரு பக்கம்.

கடைசியாக, எனக்கு இதில் எல்லாவற்றையும்விடப் பிடித்தது. மலை நட்சத்திர ஆண் பெண்ணைக் கவரும்போது தொண்டையை உப்பிக்கொண்டு ஊதாவைக் காட்டிப் பாடும். பார்த்தால் பாடுவது தெரியும், நம்மில் வயசான பலருக்குக் கேட்காது. அந்தப் பாட்டின் சுருதி சுமார் 13.4 கிலோஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 13,400 அதிர்வு. பறவைகளில் பெரும்பாலானவற்றுக்கு 8, 9 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் காதே கேட்காது. அப்படியானால் தன் பாட்டு தனக்கே கேட்குமா என்ற சந்தேகம் வரும், 2020இல் வந்த ஆய்வு கேட்கும் என்று காட்டியது: பதிவு செய்த பாட்டை மலையில் ஒலிக்கவிட்டதும் பறவைகள் கழுத்தை நீட்டி அந்தப் பக்கம் திரும்பின, கிட்டே வந்தன. காற்றின் இரைச்சல், ஓடைச் சத்தம், மற்றப் பறவைகளின் குரல் எல்லாம் கீழே உள்ள சுருதிகளில் நெருக்கியடித்துக்கொண்டிருக்க, இது மட்டும் காலியாகக் கிடந்த மேல்மாடியில் போய்ப் பாடுகிறது.

அந்த ஒலிப்பதிவு இருக்கும் லிங்கைச் சித்திக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் ஃபோன் வந்தது. "ஒண்ணுமே கேக்கலைடா, சவுண்டை முழுசா வெச்சுட்டேன்." பின்னால் அவர் பேத்தியின் குரல், ஆறு வயசு: "ஐயோ பாட்டி, நிறுத்துங்க, காதுக்குள்ள கொசு கத்துது."